மோட்டாரைக் கடைசியில் வாங்குங்கள்

மின்சாரப் படகு செய்யப் போகிறேன் என்று யார் வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "அண்ணே, எத்தனை எச்.பி. மோட்டார் போடலாம்?" மந்தாரக்குப்பத்தில் இந்தக் கேள்வி ரொம்ப இயல்பு. சுரங்கத்திலோ அனல் மின் நிலையத்திலோ யாராவது வேலை பார்க்காத குடும்பம் இங்கே குறைவு. மோட்டார் என்றாலே கண் நேம் பிளேட்டுக்குத்தான் போகும்.

நான் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றே. மோட்டாரைக் கடைசியில் வாங்குங்கள். முதலில் எந்தத் தண்ணீர் என்று பாருங்கள், அடுத்து படகின் உடம்பு, அதற்கடுத்து புரொப்பல்லர். இந்த மூன்றும் முடிவானால் மோட்டார் தானாக முடிவாகிவிடும். வேகக் கட்டுப்பாட்டுக்கோ, பலரும் பயப்படுகிற அளவுக்குச் செலவே கிடையாது. அது ஏன் என்று சொல்லத்தான் இந்த நீண்ட பதிவு.

சுரங்கத்தின் பெல்ட் கன்வேயரை எடுத்துக்கொள்வோம். மண்ணைச் சுமந்தபடி நிற்கிற பெல்ட்டைக் கிளப்ப வேண்டும். முதல் சுற்றிலேயே முழு டார்க் வேண்டும். பாதி வேகத்தில் ஓட்டினாலும் பெல்ட்டின் மேல் இருக்கும் பாரம் குறைவதில்லை. அதனால் அங்கே ஸ்டார்ட்டர், கியர் பாக்ஸ், கட்டுப்பாடு எல்லாமே பெரிய சமாச்சாரம். அதே சுரங்கத்தைச் சுற்றி வேறொரு கூட்டம் இரவு பகலாக ஓடுகிறது. நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இறைக்கும் பம்புகள். அந்தத் தண்ணீர் இறைக்கப்படாவிட்டால் சுரங்கமே இல்லை. வாலாஜா ஏரிக்குப் போகிற தண்ணீரில் அதற்கும் பங்கு உண்டு. இந்தப் பம்பின் குணம் கன்வேயருக்கு நேர் எதிர். கிளம்பும்போது பாரமே இருக்காது. சுற்று கூடக் கூடத்தான் தண்ணீர் எதிர்க்கும்.

படகின் புரொப்பல்லர் பம்பின் குடும்பம். கன்வேயருக்கு மோட்டார் போட்டுப் பழகிய கை, படகுக்கும் அதே மாதிரி யோசித்தால் தேவைக்கு மேல் நாலு மடங்கு பணத்தைக் கொட்டிவிடும்.

கணக்கு எளிது. புரொப்பல்லரின் சுற்று இரண்டு மடங்கானால் அதைத் திருப்பத் தேவையான டார்க் நாலு மடங்காகும். டார்க்கையும் சுற்றையும் பெருக்கினால் வருவது பவர். ஆகவே அது எட்டு மடங்காகும். திருப்பிப் போட்டுப் பாருங்கள். பாதிச் சுற்றுக்கு எட்டில் ஒரு பங்கு பவர் போதும். 3,000 சுற்றில் 8 எச்.பி. கேட்கும் புரொப்பல்லர், 1,500 சுற்றில் கிட்டத்தட்ட 1 எச்.பி.தான் கேட்கும். நம் கடற்கரை ஃபைபர் படகுகளில் இருக்கும் லாங் டெயில் டீசல் என்ஜினைக் கழற்றிவிட்டு அதே ஷாஃப்ட்டில் சின்ன மின் மோட்டாரைக் கோர்க்க முடிகிறது என்றால், காரணம் இந்த ஒரே கணக்குதான்.

படகின் உடம்புக்கும் ஓர் எல்லை உண்டு. தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகிற சாதாரணப் படகு, தன் நீளம் அனுமதிக்கிற வேகத்தைத் தாண்டினால் தானே எழுப்பிய அலையின் மேல் ஏற ஆரம்பிக்கும். நீர்மட்டத்தில் படகு எத்தனை மீட்டர் நீளமோ அதன் வர்க்கமூலத்தை 2.43 ஆல் பெருக்குங்கள். அந்த எல்லை நாட் கணக்கில் வரும். 6 மீட்டர் நீளமென்றால் சுமார் 6 நாட், அதாவது மணிக்கு 11 கிலோமீட்டர். அந்த எல்லைக்குப் பக்கத்தில் பேட்டரியை எவ்வளவு காலி செய்தாலும் வேகம் ஏறாது. அதில் பாதியைவிடக் கொஞ்சம் கூடுதலாக, 6 கிலோமீட்டரில் போனால், அதே படகு அதிசயிக்கிற மாதிரி சிக்கனமாக ஓடும். பிச்சாவரத்தில் சுரபுன்னைக் காட்டுக்குள் இருக்கிற குறுகலான கால்வாய்களில் இதற்கு மேல் வேகம் யாருக்குத் தேவை? அங்கே துடுப்புப் படகில் போகிறவர்கள்தான் பறவையைப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

இது கடுதாசிக் கணக்கல்ல என்பதற்குப் பக்கத்து மாநிலத்திலேயே சாட்சி இருக்கிறது. கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் நடுவே வேம்பநாட்டுக் காயலைக் கடக்கும் ஆதித்யா என்ற சூரிய மின்படகு, 2017 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. கொச்சியின் நவால்ட் நிறுவனம் கட்டியது. 75 பேர் உட்காரலாம். 20 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், இரட்டை உடம்பு. இத்தனை பெரிய படகில் இருப்பது 20 கிலோவாட் மோட்டார் இரண்டு. ஒவ்வொன்றும் சுமார் 27 எச்.பி. இரண்டையும் கூட்டினாலும் ஒரு சின்னக் காரின் என்ஜின் அளவுதான் வரும். கூரையில் 20 கிலோவாட் சூரியத் தகடு, உள்ளே 50 யூனிட் பேட்டரி. வடிவமைத்தவர்கள் முதலில் உடம்பை மெலிதாக்கி, எடையைக் குறைத்து, வேகத்தை 6, 7 நாட்டில் நிறுத்தினார்கள். மோட்டார் அதற்குப் பிறகு வந்தது. இந்தப் படகுக்கு 2020-இல் சர்வதேச மின்படகு விருது கிடைத்தது. அந்த விருதுக்குக் குஸ்தாவ் ட்ரூவேயின் பெயர். 1881-இல் பாரிஸின் சேன் நதியில் கழற்றி மாட்டக்கூடிய மின் மோட்டாரைப் படகின் பின்னால் தொங்கவிட்டு ஓட்டிக் காட்டியவர் அவர். அதற்கும் முன்னால், 1838-இல் ரஷ்யாவின் நேவா ஆற்றில் யாகோபி என்பவர் பேட்டரியாலேயே ஆட்களை ஏற்றிப் படகு ஓட்டிவிட்டார். பெட்ரோல் என்ஜினுக்கு முந்திய வித்தை இது.

சரி, நம் படகுக்கு எவ்வளவு பவர் வேண்டும்? ஊகிக்க வேண்டாம், அளந்துவிடலாம். பெட்டியின் எடை பார்க்கத் தொங்கவிடுவார்களே, அந்தத் தராசு ஒன்று வாங்குங்கள். காற்று இல்லாத காலை நேரத்தில், ஏற்ற வேண்டிய ஆளையும் சுமையையும் ஏற்றிக்கொண்டு, உங்கள் படகை வேறொரு படகால் நீளக் கயிற்றில் இழுக்கச் சொல்லுங்கள். கயிறு குட்டையாக இருந்தால் முன்படகு கலக்கிவிடும் தண்ணீர் கணக்கைக் கெடுக்கும். கயிற்றின் நுனியில் தராசு, கையில் செல்போனின் ஜி.பி.எஸ். மணிக்கு 6 கிலோமீட்டரில் தராசு 12 கிலோ காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 12 கிலோ என்பது சுமார் 118 நியூட்டன். 6 கிலோமீட்டர் வேகம் என்பது விநாடிக்கு 1.67 மீட்டர். பெருக்கினால் 197 வாட். படகை நகர்த்த உண்மையில் தேவைப்படுவது அவ்வளவுதான்!

புரொப்பல்லர் அதில் பாதியைத் தின்னும் என்று வையுங்கள், நல்ல புரொப்பல்லர் இன்னும் குறைவாகத் தின்னும். அப்படியானால் ஷாஃப்ட்டில் சுமார் 400 வாட் வேண்டும். மோட்டாரும் கன்ட்ரோலரும் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். ஆக பேட்டரியிலிருந்து 500 வாட். எதிர்க்காற்று, ஏற்ற இறக்க நீரோட்டம் எல்லாவற்றையும் நினைத்து 1,000 வாட் மோட்டார் போட்டால் இரண்டரை மடங்கு கையிருப்பு. ஆனால் அந்த இரண்டரை மடங்கும் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் கூட்டும், 6 கிலோமீட்டர் 8 ஆகும். எச்.பி.யைக் கூட்டுவதால் படகில் கிடைக்கும் லாபம் இவ்வளவுதான். இதை மனதில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள்.

கடையில் என்ன கிடைக்கும்? தூண்டில் மீன்பிடிப்பவர்களுக்காகச் செய்யப்பட்ட ட்ரோலிங் மோட்டார் ரெடிமேடாகவே வருகிறது. 12 வோல்ட்டில் 50 ஆம்பியர் இழுக்கும் ரகம் சின்னப் படகுக்குப் போதும். தண்ணீருக்குள்ளேயே மூழ்கியிருப்பதால் சூடு பிரச்சினை இல்லை. ஆனால் நாள் முழுக்க ஆள் ஏற்றும் வேலைக்கு அது தாங்காது. கையால் செய்து பார்க்க விரும்பும் கல்லூரிப் பையன்களுக்கு நிரந்தரக் காந்த டி.சி. மோட்டார் நல்லது. பழைய மின் சைக்கிள்களில் வந்த 24 வோல்ட், 250 அல்லது 350 வாட் மோட்டார் சென்னை ரிச்சி தெருவில் தேடினால் அகப்படும். ஏறக்குறைய 2,700 சுற்று ஓடும். நேரடியாகப் புரொப்பல்லரை மாட்டாமல் செயின் அல்லது பெல்ட்டில் சுற்றைக் குறைத்துவிட வேண்டும். பெரிய புரொப்பல்லர் மெதுவாகச் சுற்றுவது, சின்னது வேகமாகச் சுற்றுவதைவிட எப்போதும் சிக்கனம்.

கார் ஸ்டார்ட்டர் மோட்டாரை மட்டும் தொடாதீர்கள். அது சில விநாடி வேலைக்குச் செய்யப்பட்டது. அதில் பெரும்பாலும் சீரிஸ் வைண்டிங் இருக்கும். பாரம் விட்டுப்போனால் சுற்று கட்டுக்கடங்காமல் ஏறும். அலையில் புரொப்பல்லர் ஒரு கணம் தண்ணீரை விட்டு வெளியே வந்தால் பாரம் விட்டுப்போனதாகத்தானே அர்த்தம். வயல் பம்பின் மூன்று பேஸ் மோட்டாரை இன்வெர்ட்டர் வைத்து ஓட்டலாமே என்று ரீவைண்டிங் தெரிந்தவர்கள் கேட்பார்கள். ஓட்டலாம். ஆனால் 415 வோல்ட்டை ஈரப்படகில், உப்புத் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே வைக்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன். 48 வோல்ட்டைத் தாண்டாதீர்கள்.

இப்போதைய நிலவரத்தில் நம் ஊருக்கு ஏற்றது இ-ரிக்‌ஷா மோட்டார். 48 வோல்ட், 850 முதல் 1,250 வாட் வரை, பிரஷ் இல்லாதது. தேய கார்பன் இல்லை, தீப்பொறி இல்லை. உதிரி பாகம் சிறு நகரங்களில்கூடக் கிடைக்கிறது. 3,000 சுற்று ஓடுவதை இரண்டுக்கு ஒன்று பெல்ட்டில் 1,500 ஆக்கினால், மேலே சொன்ன லாங் டெயில் புரொப்பல்லர் அதனிடம் 1 எச்.பி., அதாவது 746 வாட்தான் கேட்கும். 1,000 வாட் மோட்டாருக்கு அது முக்கால் பாரம். வெயிலில் மணிக்கணக்காக ஓடினாலும் கொதிக்காது.

வேகக் கட்டுப்பாட்டுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

24 வோல்ட் டி.சி. மோட்டார், முழு வேகத்தில் 40 ஆம்பியர் இழுக்கிறது. 960 வாட். இரண்டு 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. இரண்டையும் சீரிஸில் கோர்த்தால் 24 வோல்ட், பேரலலில் கோர்த்தால் 12 வோல்ட். அவ்வளவுதான், இரண்டு கியர் வந்துவிட்டது. 12 வோல்ட்டில் மோட்டார் ஏறக்குறைய பாதிச் சுற்று ஓடும். பாதிச் சுற்றில் டார்க் நாலில் ஒன்று. மின்னோட்டம் டார்க்கைப் பின்தொடரும், ஆகவே 10 ஆம்பியர். 12 வோல்ட், 10 ஆம்பியர், 120 வாட். எட்டில் ஒரு பங்கு! கிளாம்ப் மீட்டரைக் கேபிளில் போட்டுப் பாருங்கள், உராய்வால் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், ஆனால் கணக்கு இதை ஒட்டியே வரும். எலெக்ட்ரானிக்ஸ் ஒரு துளி இல்லாமல், வீணாகும் மின்சாரமும் இல்லாமல், படகுக்குத் தேவையான இரண்டு வேகம். இரண்டு பேட்டரியும் சமமாகவே காலியாகும். கவனிக்க வேண்டியது ஸ்விட்ச் மட்டும். பழைய இணைப்பு முழுசாக விட்ட பிறகே புது இணைப்பு ஒட்டுகிற ரகமாக இருக்க வேண்டும். ஒரு நொடி இரண்டும் சேர்ந்து ஒட்டினால் பேட்டரி ஷார்ட் ஆகி ஸ்விட்ச் உருகும்.

இரட்டை மோட்டார் படகென்றால் மோட்டார்களையே சீரிஸ், பேரலல் என்று மாற்றிக் கோர்க்கலாமே என்று தோன்றும். அமைதியான நீரில் சரி. ஆனால் சீரிஸில் இருக்கும்போது ஒரு புரொப்பல்லர் தண்ணீரை விட்டு வெளியே வந்தால் அது ஏறக்குறைய முழு வோல்ட்டையும் விழுங்கி வெறுமனே சுற்றும், மற்றது பலமிழந்து நிற்கும். நான் பேட்டரியை மாற்றுவதையே விரும்புகிறேன்.

ரெசிஸ்டர் வைத்து வேகம் குறைப்பது காட்டுமிராண்டித்தனம் என்று பாடப்புத்தகம் படித்தவர்கள் சொல்வார்கள். படகில் அதை அவ்வளவு சீக்கிரம் ஒதுக்கிவிட முடியாது. அதே 24 வோல்ட் மோட்டாருக்கு முன்னால் 1.2 ஓம் ரெசிஸ்டர் வைத்தால், 10 ஆம்பியரில் 12 வோல்ட்டை அது தின்றுவிடும். 120 வாட் மோட்டாருக்கு, 120 வாட் சூடாகக் காற்றுக்கு. பாதி வீண்தான். ஆனால் பேட்டரியிலிருந்து போவது மொத்தமாக 240 வாட். முழு வேகத்தின் 960-ஐப் பார்த்தால் இது நாலில் ஒன்று. கன்வேயரில் இதே வேலை செய்தால் ரெசிஸ்டர் அடுப்பாகிவிடும். ட்ரோலிங் மோட்டார்களில் ஐந்து வேக ஸ்விட்ச்சும் உள்ளே ரெசிஸ்டர் சுருளும் இன்றைக்கும் விற்பனையில் இருப்பதற்கு இதுதான் காரணம். நடுக்காயலில் பழுதானால் ஒரு ஸ்குரூ டிரைவரால் சரிசெய்யலாம்.

வீண் வேண்டாம், படிப்படியாக இல்லாமல் வழுக்கிக்கொண்டு வேகம் கூட வேண்டும் என்றால் பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர். மின்சாரத்தை விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை விட்டு நிறுத்தி விட்டு நிறுத்தி, சராசரியாகப் பாதி வோல்ட்டைக் கொடுக்கும். இங்கே ஒரு விஷயம் புதியவர்களைக் குழப்பும். மோட்டார் ஒயரில் 10 ஆம்பியர் ஓடும்போது பேட்டரி ஒயரில் 5 ஆம்பியர்தான் காட்டும். மீட்டர் கெட்டுவிடவில்லை. 24 வோல்ட்டில் 5 ஆம்பியரும் 12 வோல்ட்டில் 10 ஆம்பியரும் ஒரே 120 வாட்தான். வாங்கும்போது மோட்டாரின் முழு ஆம்பியரைப் போல் ஒன்றரை மடங்காவது தாங்குவதாக வாங்குங்கள். ஆகாயத்தாமரை வேர் புரொப்பல்லரில் சுற்றி இறுக்கும் அந்த ஒரு கணத்தில் மின்னோட்டம் எகிறும்.

பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் போகும் ஒயரை யாரும் மதிப்பதில்லை. 40 ஆம்பியர், போக வர 10 மீட்டர். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரைப் போட்டால் 3 வோல்ட் ஒயரிலேயே கரையும், 118 வாட் ஒயரைச் சுடும். மெதுவாக ஓடும்போது மோட்டார் மொத்தமாகச் சாப்பிடுகிற பவர் அது! 10 சதுர மில்லிமீட்டர் செம்பு போட்டால் இழப்பு 30 வாட்டுக்குள் அடங்கும். வீட்டு எம்.சி.பி.யையும் கொண்டுபோய் மாட்டாதீர்கள். ஏ.சி. மின்சாரம் விநாடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி தானே அணைகிறது. டி.சி.யில் அப்படி அணையாது, உள்ளேயே எரியும். டி.சி.க்கென்றே உள்ள பிரேக்கர், பேட்டரி முனைக்கு ஒட்டினாற்போல் ஒரு ஃப்யூஸ். இரண்டும் கட்டாயம்.

நெய்வேலி மின்சாரத்தில் சார்ஜ் போட்டால் கடைசியில் நிலக்கரிப் புகைதானே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. இங்கே சுரங்கத்தை நடத்தும் என்.எல்.சி.யே இன்று 1,000 மெகாவாட்டுக்கு மேல் சூரிய மின் நிலையங்கள் வைத்திருக்கிறது என்பது ஒரு பக்கம். எனக்கு அதைவிட முக்கியம் தண்ணீர். மீன்குஞ்சு வளர்கிற சதுப்புக் கால்வாயில் எண்ணெய்ப் படலம் மிதக்காமல் இருப்பதற்காகவே இந்த மாற்றம் வர வேண்டும் என்று நினைக்கிறேன். இரண்டு பேட்டரியையும் ஒரு பெல்ட்டையும் வைத்து அதைச் செய்துவிட முடியும்போது செய்யாமல் இருப்பது மனதுக்கு உறுத்துகிறது.

கிள்ளையில் என் மைத்துனருக்கு ஒரு ஃபைபர் படகு இருக்கிறது. அதற்காகத்தான் இத்தனை கணக்கும் போட்டோம். "மாமா, கையைத் திருகிப் பிடிச்சுக்கிட்டே இருக்கற ஆக்ஸிலேட்டர் மட்டும் வேணாம். வலை இழுக்கறப்ப கை ஃப்ரீயா இருக்கணும்" என்றார். ரிக்‌ஷாவின் திருகு கைப்பிடி விட்டால் திரும்பிவிடும், சாலைக்கு அது பாதுகாப்பு, படகில் தொல்லை. அந்தக் கைப்பிடி கன்ட்ரோலருக்கு அனுப்புவது ஏறக்குறைய 1 முதல் 4 வோல்ட் வரையிலான ஒரு சைகை மட்டுமே. அதற்குப் பதிலாக மூன்று நிலை ஸ்விட்ச் ஒன்றும் நாலைந்து சின்ன ரெசிஸ்டரும் போதும். நிறுத்தம், மெதுவு, ஓட்டம். பின்னோக்கிப் போக வேறொரு ஸ்விட்ச். படகு ஓய்ந்த பிறகே அதைத் தொட வேண்டும் என்று சொல்லியாயிற்று. கை ஃப்ரீ ஆனதால் ஒரு கயிறு அவசியமாகிறது. மணிக்கட்டில் கட்டிய கயிற்றின் மறுமுனை கன்ட்ரோலரின் சாவி ஒயரில் இருக்கும். ஆள் தவறி விழுந்தால் கயிறு பிடுங்கி மோட்டார் நின்றுவிடும்.

இ-ரிக்‌ஷா மோட்டாரும் கன்ட்ரோலரும் வாங்கியாகிவிட்டது. பேட்டரி 48 வோல்ட், 100 ஆம்பியர் அவர் லித்தியம் பாஸ்பேட். ஏறக்குறைய 5 யூனிட் கொள்ளும். அதில் 4 யூனிட்டை எடுத்தாலும் 500 வாட் கணக்கில் 8 மணி நேரம். ஈய பேட்டரியில் இதே அளவு கிடைக்க எடை மூன்று மடங்குக்கு மேல் போகும், அத்தனையும் படகை அழுத்தித் தண்ணீரின் எதிர்ப்பைக் கூட்டும். உப்புத் தண்ணீர் என்பதால் ஷாஃப்ட்டில் ஒரு துத்தநாகக் கட்டி, கன்ட்ரோலருக்கு மூடிய பெட்டியோடு வெளியே அலுமினியத் தகடு. புல்லி இரண்டும் லேத்தில் இருக்கின்றன. பதிவு, அனுமதி விவரங்களை அவர் விசாரித்துக்கொண்டிருக்கிறார். இயந்திரம் பூட்டிய உள்நாட்டுப் படகுகளுக்கு 2021-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, ஏரியில் விடுவதானால் அதன் பொறுப்பில் இருக்கும் துறையிடமும் கேட்டாக வேண்டும். புல்லி வந்து பூட்டியதும் ஒவ்வொரு வேகத்திலும் கிளாம்ப் மீட்டர் காட்டும் ஆம்பியரையும் ஜி.பி.எஸ். வேகத்தையும் அட்டவணையாகப் போடுகிறேன். உங்களிடம் படகும் தராசும் இருந்தால் அதற்குள் இழுத்துப் பார்த்து, எத்தனை கிலோ காட்டியது, படகின் நீளம் எவ்வளவு என்று எழுதுங்கள். உங்கள் படகுக்கான கணக்கையும் சேர்த்தே போட்டுவிடலாம்.